புதிய டீசல் வாகனம் ஸ்டார்ட் ஆகவில்லையா? காரணங்களும் நுகர்வோர் உரிமைகளும்

புதுடெல்லி: கடன் பெற்று வாங்கிய டீசல் வாகனம் சில வாரங்களிலேயே ஸ்டார்ட் ஆக மறுத்தால், உரிமையாளருக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. பழுது எங்கே இருக்கிறது? அதற்குப் பொறுப்பு யார்? முதல் கேள்விக்கான விடையைப் பெரும்பாலும் சில எளிய அறிகுறிகளைக் கொண்டே ஊகிக்கலாம். இரண்டாவது கேள்விக்கான விடை, உரிமையாளர் சேர்த்து வைக்கும் ஆவணங்களைப் பொறுத்தே அமைகிறது.

டீசல் இன்ஜின் எவ்வாறு ஸ்டார்ட் ஆகிறது?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறியை உண்டாக்குகிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மட்டும் மிகக் கடுமையாக அழுத்தப்படுகிறது. அதனால் சூடேறும் காற்றில் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படும்போது அது தானாகவே தீப்பற்றுகிறது. எனவே இன்ஜினை வேகமாகச் சுழற்றும் மின்சக்தி, போதிய வெப்பம், சரியான அழுத்தத்தில் தூய எரிபொருள் ஆகிய மூன்றும் ஒருசேரத் தேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாகனம் ஸ்டார்ட் ஆகாது.

அறிகுறிகள் சொல்வது என்ன?

சாவியைத் திருப்பும்போது 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டாலோ, இன்ஜின் மந்தமாகச் சுழன்றாலோ, முதலில் பேட்டரியையும் அதன் இணைப்பு முனைகளையும் பார்க்க வேண்டும். இன்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், எரிபொருள் வழியிலோ சென்சாரிலோ சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரிலோ கோளாறு இருக்கலாம். குளிர்ந்த காலையில் நெடுநேரம் சுழன்று, வெண்புகையுடன் ஸ்டார்ட் ஆனால், சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக்கைச் சோதிக்க வேண்டும். டாஷ்போர்டில் சுருள் வடிவில் எரியும் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது பலரும் கவனிக்கத் தவறும் விதி.

புதிய வாகனத்தில் பேட்டரி ஏன் பலவீனமாகிறது?

விற்பனைக்கு முன் வாகனம் பல வாரங்கள் கிடங்கில் நின்றிருந்தால் பேட்டரியின் மின்னேற்றம் குறைந்திருக்கும். வாகனத் தகட்டில் உள்ள உற்பத்தி மாதத்தை விற்பனைத் தேதியுடன் ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். முழு மின்னேற்றம் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வாகனம் ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் மின்னேற்றம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது என்று பொருள். வெளிக்கடைகளில் ஒயரை வெட்டிப் பொருத்தப்படும் கேமரா, அலாரம், கூடுதல் விளக்குகள் ஆகியவை வாகனம் நிற்கும்போதும் மின்சாரத்தை உறிஞ்சக்கூடும். அத்தகைய மாற்றங்களைக் காரணம் காட்டி வாரண்டி மறுக்கப்படும் வாய்ப்பும் உண்டு.

எரிபொருளில் கவனம்

இன்றைய டீசல் கார்களில் எரிபொருள் 1,600 முதல் 2,000 பார் வரையிலான அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. இந்த உயர் அழுத்த பம்ப்புக்கு டீசலே மசகாகவும் பயன்படுகிறது. தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பப்பட்டால் அந்த மசகுத்தன்மை குறைந்து, பம்ப்பில் தேயும் உலோகத் துகள்கள் இன்ஜெக்டர் வரை சென்றுவிடும். எனவே தவறு தெரிந்தவுடன் இக்னிஷனைக்கூடப் போடாமல், வாகனத்தை இழுத்துச் சென்று டேங்கைக் காலி செய்ய வேண்டும். டீசலில் நீர் கலந்திருப்பதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஃபில்டரில் தேங்கிய நீரை உடனே வெளியேற்ற வேண்டும்.

பிஎஸ்-6 தர டீசல் வாகனங்கள் பலவற்றில், புகையைச் சுத்திகரிக்க யூரியா கரைசல் தனி டேங்கில் நிரப்பப்படுகிறது. பல மாடல்களில் இக்கரைசல் முற்றிலும் தீர்ந்துவிட்டால், ஒருமுறை அணைத்த இன்ஜின் மீண்டும் ஸ்டார்ட் ஆகாது. இது பழுதல்ல, வடிவமைப்பிலேயே உள்ள கட்டுப்பாடு.

மலைப் பயணத்தில் உறையும் டீசல்

டீசலில் உள்ள மெழுகுப் பொருள் கடுங்குளிரில் கெட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும். இதனால்தான் இந்தியத் தர நிர்ணய அமைப்பு கோடைக்கும் குளிர்காலத்துக்கும் டீசலுக்கு வெவ்வேறு வரம்புகளை வைத்துள்ளது. சமவெளியில் நிரப்பிய டீசலுடன் மணாலி, லே போன்ற இடங்களுக்குச் சென்று இரவில் நிறுத்தப்படும் புதிய வாகனமும் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். லடாக் பகுதிக்காக மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகம் செய்தது. டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வழக்கம் இன்றைய இன்ஜின்களுக்கு ஏற்றதல்ல.

செய்யக் கூடாதவை

ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 10 விநாடிகளுக்கு மேல் இயக்கக் கூடாது. இடையில் சற்று ஓய்வு கொடுக்க வேண்டும். குளோ பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்பிரே அடிப்பது வெடிப்புக்கு வழிவகுக்கும். வாரண்டி காலத்தில் வெளி மெக்கானிக்கைக் கொண்டு எரிபொருள் பாகங்களைப் பிரிக்கக் கூடாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஒவ்வொரு முறை சர்வீஸ் சென்டருக்குச் செல்லும்போதும், தங்கள் புகார் ஜாப் கார்டில் முழுமையாக எழுதப்பட்டிருப்பதை உரிமையாளர்கள் உறுதி செய்ய வேண்டும். 'பொதுப் பரிசோதனை' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் அது பின்னாளில் சான்றாகாது. 'காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற புகார், தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றப்பட்ட பாகம் ஆகியவை இடம்பெற வேண்டும். ஸ்டார்ட் ஆகாத தருணத்தை டாஷ்போர்டு விளக்குகள் தெரியும்படி வீடியோ எடுத்து வைப்பது நல்லது. அந்த மாடலுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உள்ளதா என்பதை சேசிஸ் எண்ணைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்திடம் அறியலாம்.

தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, செலுத்திய விலை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். வாங்கிய ஊருக்குச் செல்லத் தேவையில்லை. வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்கலாம். ஆனால் புகாருக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். குறைபாட்டை ஆய்வின்றி உறுதி செய்ய இயலாதபோது, தொழில்நுட்பச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

எனினும், ஒரு பழுதுக்காக வாகனத்தையே மாற்றித் தருவார்கள் என எதிர்பார்க்க முடியாது. குறைபாடுள்ள பாகத்தை மாற்றித் தருவதே வாரண்டியின் கடமை என்றும், அது முழு வாகனத்தையும் மாற்றித் தருவதாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது. எனவே, பலமுறை சரிசெய்தும் தீராத உற்பத்திக் குறைபாடு இது என்று நிலைநாட்ட, ஜாப் கார்டுகளே முதன்மைச் சான்றாகின்றன.

பழைய டீசல் வாகனம் வாங்குவோர், விற்பவர் முன்கூட்டியே இன்ஜினைச் சூடேற்றி வைத்துள்ளாரா என்பதை பானெட்டைத் தொட்டுப் பார்த்து அறியலாம். இரவு முழுவதும் நின்ற வாகனத்தைக் காலையில் தாங்களே ஸ்டார்ட் செய்து பார்த்த பின்னர் முன்பணம் கொடுப்பதே பாதுகாப்பானது.