தோளைத் தொட்டு அறிதல்

மரக்காணம் உப்பளங்களில் வேலை நடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நீண்ட கழியின் முனையில் பொருத்திய பலகையால் பாத்தியிலுள்ள உப்பை வரப்புக்கு இழுக்கிறார்கள். பிறகு கூடையில் அள்ளித் தலையில் ஏற்றுகிறார்கள். இரண்டுக்கும் தோள் வேண்டும். கை உயராவிட்டால் கூலி இல்லை. அப்படி ஒருவர், "கையைத் தூக்க முடியலீங்க" என்று வந்து நின்றால் மருத்துவ மாணவர் என்ன செய்ய வேண்டும்? இதற்கு விடை ஒரே நாளில் கிடைத்ததன்று.

தோள்மூட்டு, ஆழமற்ற கிண்ணத்தில் பெரிய பந்தை வைத்தது போன்றது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. எளிதில் நழுவவும் செய்கிறது.

1872ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அவ்வாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துயூப்ளே, தோள் இறுகிப்போகும் நோயை விவரித்தார். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் தமிழில் வெளிவந்தது. அதைத் தந்தவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளி பேசும் மொழியில் கற்ற மாணவருக்கு, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை அல்லவா?

பாஸ்டன் நகர மருத்துவர் காட்மன், 1934இல் வெளியிட்ட தம் நூலில் அந்நோய்க்கு 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். 1959இல் ஆங்கில மருத்துவர் ஆப்லி தம் பாடநூலில் மூன்றே சொற்களில் முறையை வகுத்தார்: பார், தொடு, அசை.

முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லி, இரு தோள்களையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தசை மெலிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு, காறை எலும்பிலிருந்து தொடங்கி விரலால் தொட்டு, வலிக்கும் இடத்தை அறிய வேண்டும். அடுத்து, நோயாளியே கையை உயர்த்த வேண்டும். அதன் பின்னரே மருத்துவர் உயர்த்திப் பார்க்க வேண்டும்.

இங்குதான் சூட்சுமம் இருக்கிறது. நோயாளியால் முடியாமல், மருத்துவர் தூக்கும்போது கை எளிதாக உயர்ந்தால், தசைநாண் கிழிந்திருக்கலாம் அல்லது நரம்பு தளர்ந்திருக்கலாம். இருவராலும் முடியாவிட்டால் மூட்டே இறுகியிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். மூட்டுத் தேய்வா, எலும்பு நழுவலா என்பதை எக்ஸ்ரே பிரித்துக் காட்டும்.

ஆனால் ஓர் ஏமாற்றும் உண்டு. கை 180 பாகை உயரும்போது, ஏறத்தாழ 120 பாகைதான் மூட்டின் பங்கு. எஞ்சிய 60 தோள்பட்டை எலும்பின் சுழற்சி. இதை 1944இல் இன்மன் குழுவினர் காட்டினர். எனவே மூட்டு இறுகினாலும் கை ஓரளவு உயரும்! தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அழுத்திப் பிடிக்காத மாணவர் ஏமாந்துபோவார்.

நீங்களும் சோதிக்கலாம். நண்பரின் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்து, அவரைக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். எலும்பு உங்கள் விரலடியில் நகர்வதை உணர்வீர்கள். ஸ்கேன் கருவிகள் பெருகிவிட்ட இன்றும், உப்பளத் தொழிலாளியின் கை ஏன் உயரவில்லை என்பதை முதலில் சொல்வது மருத்துவரின் விரல்களே.