முத்துக்குளித்துறையின் செம்மரபு: கணிக மரபணுத்தொகுதி வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை விரியும் மன்னார் வளைகுடாவின் வரலாறு பெரும்பாலும் முத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கொற்கையில் தொடங்கும் அவ்வரலாறு 1961 ஆம் ஆண்டின் முத்துக்குளிப்போடு நின்றுவிடுகிறது. ஆயினும், முத்துப்பார்களையும் பவளத்திட்டுகளையும் சூழ்ந்து வளரும் பாசிகள் அதனினும் மிக நெடிய வரலாறொன்றைத் தம் உயிரணுக்களில் தாங்கி நிற்கின்றன. இக்கடலின் செம்பாசி, பழுப்புப்பாசி, பவளத்துள் உறையும் நுண்பாசி ஆகிய மூன்றும் வெவ்வேறு இனங்களாயினும், அவற்றின் கணிகங்கள் ஒரே செம்பாசி மரபிலிருந்து வந்தவை. இம்மரபு கண்டறியப்பட்ட முறையையும், இன்று இக்கரையில் அதற்குள்ள பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நிறவழி வகைப்பாடு

அயர்லாந்துத் தாவரவியலாளர் ஹார்வி 1836 இல் பாசிகளை நிறத்தின் அடிப்படையில் வகுத்தார். கரையோர மக்களோ வடிவையும் பயனையும் கொண்டு பெயரிட்டனர். கிராசிலேரியா எடுலிசைக் கஞ்சிப்பாசி எனவும், ஜெலிடியெல்லா அசரோசாவை மரிக்கொழுந்துப்பாசி எனவும், சர்காசத்தைக் கட்டக்கோரை எனவும் வழங்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதியது 1927 இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் இடம்பெற்றது. தென்னிந்தியக் கடற்பாசிகள் குறித்த டென்மார்க் அறிஞர் பெர்கெசனின் கட்டுரைகள் 1937, 1938 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தாவரவியல் கழக இதழில் வெளிவந்தன. இவ்வாய்வுகளிலும் செம்பாசியும் பழுப்புப்பாசியும் தனித்தனிப் பிரிவுகளாகவே நின்றன. நிறத்தைத் தரும் கணிகத்திற்குத் தனி வரலாறு உண்டு என்பது அன்றைய வகைப்பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கணிகத்தின் தோற்றம்

கணிகம் என்பது ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பசும்பாசியே என்னும் கருத்தை உருசிய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி 1905 இல் முன்வைத்தார். நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட அக்கருத்தை 1967 இல் லின் மார்குலிஸ் மீட்டெடுத்தார். 1986 இல் ஜப்பானிய ஆய்வுக்குழுக்கள் புகையிலை, மார்க்கான்சியா ஆகியவற்றின் பசுங்கணிக மரபணுத்தொகுதிகளை முழுமையாக வாசித்தன. புகையிலையின் தொகுதி ஏறத்தாழ 1,56,000 கார இணைகள் கொண்டது. ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் அமைந்த இரு மீள்தொடர்கள் அதனைப் பெரும்பகுதி, சிறுபகுதி எனப் பிரிக்கின்றன. 1995 இல் வாசிக்கப்பட்ட போர்பைரா என்னும் செம்பாசியின் தொகுதி 1,91,000 கார இணைகளும் ஏறத்தாழ 250 மரபணுக்களும் உடையதாக இருந்தது. நிலத்தாவரக் கணிகங்களில் இதில் பாதியளவு மரபணுக்களே எஞ்சியுள்ளன. நீலப்பசும்பாசியிடம் இருந்த ஆயிரக்கணக்கான மரபணுக்களுள் பல மறைந்தன. பல உட்கருவிற்கு இடம்பெயர்ந்தன. இவ்விழப்பு செம்பாசியில் மிகக் குறைவு.

ஒரே மரபு, மூன்று நிலைகள்

கஞ்சிப்பாசியின் பேரினமான கிராசிலேரியாவில் முதலில் வாசிக்கப்பட்ட கணிகத்தொகுதி ஏறத்தாழ 1,84,000 கார இணைகள் கொண்டது. கட்டக்கோரையின் பேரினமான சர்காசத்தில் அது 1,24,000 அளவிற்குச் சுருங்கியுள்ளது. எனினும் உறவு அழியவில்லை. கரிவளியை நிலைநிறுத்தும் ருபிஸ்கோ நொதியின் பெருங்கூறு, சிறுங்கூறு ஆகிய இரண்டிற்குமான மரபணுக்கள் இவ்விரு பாசிகளிலும் கணிகத்திலேயே அடுத்தடுத்து உள்ளன. அதே கடலில் வளரும் கடற்புல்லிலோ, பிற பூக்கும் தாவரங்களைப் போலவே, சிறுங்கூற்றின் மரபணு உட்கருவிற்குச் சென்றுவிட்டது. பழுப்புப்பாசியின் மூதாதை செம்பாசிக் கணிகத்தைப் பெற்றது என்பதற்கு இது ஒரு சான்று. அது நேரடியாக நிகழ்ந்ததா, இடையில் பிற உயிரிகள் வழியாக நிகழ்ந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

பவளத்துள் வாழும் சுழலிழைப் பாசிகளில் சிதைவு உச்சத்தை எட்டியுள்ளது. இவ்வகைப் பாசிகளின் கணிக மரபணுக்கள் பெரும்பாலும் வளையத்திற்கு ஒன்றாகச் சிறு வளையங்களில் பிரிந்து கிடப்பது 1999 இல் வெளிப்பட்டது. அவ்வாறு எஞ்சிய மிகச் சில மரபணுக்களுள் ஒன்று டி1 புரதத்திற்கானது. ஒளிச்சேர்க்கையின்போது இப்புரதம் தொடர்ந்து பழுதுறும். தொடர்ந்து புதுப்பிக்கப்படவும் வேண்டும். கடல்நீர் வெப்பமுறும்போது இப்புதுப்பித்தல் பின்தங்குவது பவள வெளிறலின் காரணங்களுள் ஒன்று. 2010, 2016 ஆம் ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறியமையை இப்பின்னணியிலும் நோக்க வேண்டும்.

கப்பாபைகஸ்: ஒருமையின் இடர்

1990களில் மண்டபம் பகுதியில் கப்பாபைகஸ் அல்வரேசி என்னும் அயலகச் செம்பாசியின் வளர்ப்பு தொடங்கியது. கரையோரப் பெண்களின் வாழ்வாதாரமாக அது பெருகியது. 2008 இல் குருசடைத் தீவின் பவளங்கள்மீது அது படர்ந்திருப்பதாக ஆய்வறிக்கை வெளியானது. 2013 அளவில் பயிர் பெருமளவில் மடிந்தது. இப்பாசி துண்டுகளை நட்டே பெருக்கப்படுவதால் அதன் மரபு மாறாமல் தொடர்கிறது. முன்னர்க் குறித்த இரு ருபிஸ்கோ மரபணுக்களுக்கு இடைப்பட்ட தொடரையும் இழைமணித் தொடரையும் 2006 இல் ஒப்பிட்ட சுக்கரெல்லோ குழுவினர், உலகெங்கும் பயிரிடப்படும் இவ்வினம் ஒத்த இழைமணி வகையினதே எனக் கண்டனர். இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். பவளத்தின்மீது படர்ந்த பாசி எவ்வினம் என்பதை இத்தொடர்கள் காட்டும். எப்பண்ணையிலிருந்து வந்தது என்பதைக் காட்டா. ஒரே மரபுடைய பயிரைத் தாக்கும் நோய், அதனை நம்பிய குடும்பங்கள் அனைத்தையும் ஒருங்கே தாக்கும்.

முடிவுரை

நிறம் பிரித்தவற்றைக் கணிக மரபணுத்தொகுதி ஒரு மரபாக இணைத்துக் காட்டுகிறது. ஆயினும், வாசிக்கப்படும் தொடருக்குப் பொருள் தருவது, எங்கு, எப்போது, யாரால் திரட்டப்பட்டது என்னும் குறிப்புடைய மாதிரியே. ஆகவே ஐயங்கார், பெர்கெசன் காலத்து உலர்தாவரத் தொகுப்புகள் பழம்பொருள்கள் அல்ல. அயலகப் பாசி வருவதற்கு முந்தைய கடலின் ஆவணங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. எஞ்சிய தீவுகளின் பாசிகளைக் கரையோர மக்கள் வழங்கும் பெயர்களோடு திரட்டி, அவற்றின் கணிகத் தொடர்களைப் பதிவு செய்வது தமிழகத் தாவரவியல் துறைகளின் உடனடிக் கடமையாகும்.