பிளாப்பி போச்சு, டிரைவர் போகலை

யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்னு நினைச்சு ஒரு டிரைவர்ல இருந்து ஒண்ணைத் தூக்கினேன். கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தப்போதான் அது தேவைன்னு தெரிஞ்சது. அப்போதான் லினக்ஸ் பிளாப்பி டிரைவர் கதை ஞாபகம் வந்தது.

2019-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 'அனாதை' என்று குறித்தார். பராமரித்தவரிடமே வேலை செய்யும் பிளாப்பி டிரைவ் இல்லை, சோதிக்க வழியில்லை. ஆனாலும் நீக்கவில்லை. மெய்நிகர் கணினிகளுக்குள் அந்தப் பழைய கன்ட்ரோலர் இன்னும் உயிரோடு இருந்தது! அதே வருடம் வேறொருவர் பொறுப்பேற்றார்.

பழைய ஐடிஇ டிரைவர்கள் கதை வேறு. மாற்றாக லிபாட்டா வந்து நிலைத்து, முன்கூட்டியே அறிவித்து, 2021-ல் 5.14 பதிப்பில்தான் எடுத்தார்கள்.

நம்ம மேசையில இல்லைங்கிறதுக்காக உலகத்துலயே இல்லைன்னு ஆயிடுமாங்க? :-)