மட்டக்களப்பின் கிழக்கே புதைந்த எரிமலைத் தொடர்: ஒரு நிலவியல் நோக்கு

1. ஆய்வுப் பொருள்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலம் எரிமலையால் உருவானதன்று. ஆயினும் கரையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில், வங்காள விரிகுடாவின் வண்டலுக்குள், அணைந்துபோன எரிமலைத் தொடரொன்று புதைந்து கிடக்கிறது. அதன் பெயர் 85° கிழக்கு முகடு.

2. கரையின் பாறை

வாவியின் அடித்தளம் விஜயன் தொகுதியைச் சேர்ந்த நைஸ் பாறை. ஏறத்தாழ 100 கோடி ஆண்டுப் பழமையுடைய இது, கோண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. சமவெளியில் தனித்தெழும் குடும்பிமலையும் எரிமலைக் கூம்பன்று. சுற்றியிருந்த நிலம் அரிபட்டபின் எஞ்சிய பாறைக்குன்று. மகா ஓயாவின் வெந்நீரூற்றுகளிலோ, பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் நிலத்தின் இயல்பான வெப்பத்தால் சூடேறி மேலெழுகிறது.

3. புதைந்த முகடு

மகாநதிப் படுகைக்கு அப்பால் தொடங்கும் முகடு தெற்கே ஓடி, இலங்கையின் தென்கிழக்கில் மேற்காக வளைந்து, அபனாசி நிகிதின் கடலடி மலையை நோக்கிச் செல்கிறது. கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்ந்த வண்டல் வடபகுதியை மூடிவிட்டதால், அதிர்வலைப் பதிவுகளும் ஈர்ப்பு அளவீடுகளுமே அதைக் காட்டுகின்றன.

ஈர்ப்பு அளவீட்டில் ஒரு முரண் உண்டு. தெற்கே நீருக்குள் வெளிப்பட்டு நிற்கும் மலையின் மேல் ஈர்ப்பு கூடுகிறது. வடக்கே புதைந்த பகுதியின் மேல் குறைகிறது. மலையின் பாரத்தால் கடற்றட்டு கீழ்நோக்கி வளைந்து, அடர்ந்த மூடகத்தின் இடத்தை இலேசான மேலோடு பிடித்தது. மேலே இறுகிய வண்டலுக்கும் எரிமலைப் பாறைக்கும் அடர்த்தி வேறுபாடு சிறிது. ஆகவே அடியிலுள்ள குறையே மேலோங்கித் தெரிகிறது.

4. அபனாசி நிகிதின்

15ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ரஷ்ய வணிகரின் பெயர் தாங்கிய இம்மலை, 3° தெற்கு அகலக்கோட்டருகே உள்ளது. நீளம் சுமார் 400 கி.மீ.; அகலம் 150 கி.மீ. ஏறத்தாழ 4,800 மீற்றர் ஆழத்திலிருந்து எழும் அதன் உச்சி, நீர்மட்டத்துக்கு 1,200 மீற்றர் கீழே நிற்கிறது. அதன் பாறைகளில் கோபால்ட் செறிந்த இரும்பு-மங்கனீசுப் படிவு பூத்திருக்கிறது.

5. முடிவு

இந்தியா 2024 ஜனவரியில் இம்மலையில் ஆய்வுரிமை கோரியது. இலங்கையோ 2009 மே மாதத்திலேயே, இம்மலையும் அடங்கும்படி, தன் கண்டத்திட்டை விரித்துக் கோரியிருந்தது. வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கென வகுக்கப்பட்ட சிறப்பு விதியின்படி, எல்லை குறைந்தது 1 கி.மீ. வண்டல் தடிப்பைக் கொண்டு வரையப்படுகிறது. எரிமலைத் தொடரைக் கண்ணுக்கு மறைத்த அதே வண்டல்தான் இன்று அதன் மீதான உரிமைக்கு அளவுகோல்.