பல்வங்கர் பாலு பெற்ற 11,225 வாக்குகள்



1937 தொடக்கத்தில் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. பம்பாய் நகரில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஓர் இடத்துக்கு, சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் அண்ணல் அம்பேத்கர் நின்றார். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் பல்வங்கர் பாலு. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள். பாலுவுக்கு 11,225. வித்தியாசம் 2,020 மட்டுமே.

நம் தோழர்கள் அச்சிடும் நாட்காட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் பாலுவின் படம் இப்போது அடிக்கடி வருகிறது. சாதியைப் பந்தால் வீழ்த்திய முதல் தலித் கிரிக்கெட் வீரர் என்று எழுதுகிறோம். சில இடங்களில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம். 1937ஐ மட்டும் விட்டுவிடுகிறோம். இந்த உரை அந்த விடுபடலைப் பற்றியது.

பாலு 1876இல் தார்வாரில் பிறந்தார். செருப்புத் தைப்பதைத் தொழிலாக விதித்திருந்த சமார் சாதி. பூனாவில் வளர்ந்தார். முதலில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் வேலை. பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப்பில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளம். ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பது, வலை கட்டுவது, வெள்ளை அதிகாரிகள் மட்டை பிடித்துப் பழகுவதற்குப் பந்து போடுவது. கிரெய்க் என்ற அதிகாரி, தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. எட்டணாக் கதை எப்படியோ போகட்டும், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பந்து போட்ட உழைப்பு உண்மை. அவருக்கு மட்டை பிடிக்க வாய்ப்பே தரவில்லை என்பதும் உண்மை. மட்டை எசமானுக்கு, பந்து வேலைக்காரனுக்கு.

'லகான்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2001இல் வந்தது. அதில் வரும் கச்ரா என்ற தீண்டப்படாதவரைப் பாலுவின் நிழல் என்று பலரும் எழுதினார்கள். கச்ராவின் கை ஊனமுற்றது. அந்த ஊனத்தால்தான் பந்து சுழல்கிறது. கதாநாயகன் அவரைக் கண்டெடுத்து, ஊரோடு வாதாடி அணியில் சேர்க்கிறான். கச்ராவுக்கு வசனம் மிகக் குறைவு. இடக்கைச் சுழற்பந்தின் நுட்பத்தைக் கூலி வேலையின் நடுவே ஆண்டுக்கணக்கில் கற்றுத் தேர்ந்த ஒரு தொழிலாளியை, தற்செயலாய்த் திறமை வாய்த்த ஊமைப் பிறவியாக மாற்றியதைத்தான் நாமும் கைதட்டிப் பார்த்தோம்.

பூனாவின் இந்துக்கள் பாலுவை அணியில் சேர்த்தது மனம் திருந்தியதால் அல்ல. அவர் இல்லாமல் வெள்ளையரை வெல்ல முடியாது என்று தெரிந்ததால். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தையே அவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண் குவளை. சாப்பாடும் தனி.

1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ஓட்டங்களில் வென்றார்கள். அந்த வெற்றியில் பாலுவின் பந்துக்குப் பெரும்பங்கு உண்டு. சீர்திருத்த ஏடுகள் மகிழ்ந்தன. ஆனால் பாராட்டு போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தீண்டாதவனோடு சேர்ந்து ஆட முன்வந்த சாதி இந்துக்களின் பரந்த மனம் என்றுதான் அது புகழப்பட்டது. பாலுவைப் பற்றிய முதல் கட்டுக்கதை அங்கே பிறந்தது. நன்றியுள்ள, அடக்கமான, இந்து சமூகம் திருந்திவிடும் என்பதற்குச் சாட்சியாக நிற்கும் ஒரு மனிதர்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்தார். அப்போது அவருக்கு 35 வயது. திரும்பி வந்த அவருக்குப் பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் வரவேற்பு கொடுத்தார்கள். அதில் வரவேற்புரை வழங்கியவர் இளைஞர் அம்பேத்கர் என்று ராமச்சந்திர குஹா எழுதுகிறார்.

இத்தனைக்குப் பிறகும் இந்து அணியின் தலைமை அவருக்கு வரவில்லை. 1920இல் தலைவர் பை உடல்நலமில்லாமல் இருந்தபோது, பாலுவின் தம்பிகளைத் தாண்டி தேவ்தர் என்ற பிராமணர் தேர்வானார். பாலுவுக்கு அணியிலேயே இடம் இல்லை. தம்பிகள் விட்டல், சிவராம் இருவரும் சாதிதான் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லி விலகினார்கள். பாலுவை அழைத்துத் துணைத்தலைவர் ஆக்கிய பிறகே திரும்பினார்கள். 1923இல் விட்டல் தலைவரானார். வேலைநிறுத்தம் என்ற ஆயுதத்தை அந்தக் குடும்பம் அறிந்தே இருந்தது. நன்றியுள்ள ஹரிஜன் என்ற சித்திரம் இதோடு கிழிகிறது.

ஆனால் நம் சுவரொட்டியும் சேர்ந்தே கிழிகிறது. 1932இல் தனி வாக்காளர் தொகுதியை அம்பேத்கர் வென்றெடுத்தபோது, பாலு கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றார், எம்.சி. ராஜாவோடு. எரவாடா சிறையில் காந்தியைச் சந்தித்தார். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1933இல் இந்து மகாசபை சார்பில் பம்பாய் நகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோது, மதமாற்றத்தை எதிர்த்தார். பிறகுதான் 1937. மகர் சாதியில் பிறந்த அம்பேத்கருக்கு எதிராகச் சமார் சாதியிலிருந்து ஒருவரை, அதுவும் புகழ்பெற்ற ஒருவரைத் தேடி நிறுத்துவது காங்கிரசுக்கு லாபம். அருகருகே வாழும் நம் சாதிகளைப் பிரித்து வாக்கு வாங்கும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல.

அப்படியானால் பாலு துரோகியா? நம் கூட்டங்களில் இந்தச் சொல் மலிவாகப் புழங்குகிறது. ராஜா விஷயத்தில் நாம் அப்படிச் சொல்வதில்லை. 1938இல் தம் ஆலயப் பிரவேச மசோதாவை ராஜாஜியே நிற்கவிடாமல் செய்தபோது அவர் எவ்வளவு கசந்தார் என்பது நமக்குத் தெரியும். பாலுவுக்கும் அந்த நியாயம் வேண்டும். எங்கள் வாசிப்பு இது. மைதானத்தில் அவர் கண்டது, சாதி இந்து மெல்ல மெல்ல இறங்கி வந்ததைத்தான். மண் குவளை போய்க் கோப்பை வந்தது. தனிச் சாப்பாடு போய் ஒரே மேசை வந்தது. அண்ணனுக்கு மறுத்த தலைமை தம்பிக்கு வந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளில் தன் கண்முன் நடந்ததை நாடு முழுவதற்கும் நடக்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். ஆனால் மைதானத்தில் அவரிடம் விக்கெட் எடுக்கும் கை இருந்தது, அது இல்லாமல் வெல்ல முடியாது என்று எதிரில் இருந்தவருக்குத் தெரிந்தும் இருந்தது. சேரியில் இருக்கும் கூலிக்காரனிடம் அப்படி என்ன இருந்தது? தனித்த வாக்கு ஒன்றைத்தான் அண்ணல் கேட்டார். பாலுவின் பிழை குணக்கேடு அல்ல. தன் அனுபவத்தை எல்லோருக்குமான சட்டமாக எடுத்துக்கொண்டது. விதிவிலக்காக உயர்ந்தவர்கள் பலர் இன்றும் செய்கிற பிழை அது.

பாலு 1955இல் இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் நாகபுரியில் அண்ணலும் லட்சக்கணக்கான மக்களும் பௌத்தம் தழுவினார்கள்.

அடுத்த ஆண்டு நாட்காட்டியில் பாலுவின் படத்தை எடுக்க வேண்டாம், தோழர்களே. படத்துக்குக் கீழே 1911, 114 விக்கெட்டுகள் என்று அச்சிடுவோம். அதே எழுத்து அளவில், அதற்குக் கீழே, 1937, 11,225 என்றும் அச்சிடுவோம்.