விமானியின் இலக்கம்: சேவைமூப்புப் பட்டியல் எப்படி இயங்குகிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் பேசிய சின்னம்மா கேட்டார்: “இருபது வருசமாப் பிளேன் ஓடுறாய். இன்னும் ஏன் தம்பி ரெண்டாவது சீற்றில இருக்கிறாய்?”

நான் அமெரிக்காவில் தனியார் ஜெற் நிறுவனமொன்றில் பணியாற்றும் விமானி. சின்னம்மாவுக்குச் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன். விமானிப் பயிற்சியில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இது உதவக்கூடும்.

இலக்கம் எப்படிக் கிடைக்கிறது?

தொழிற்சங்கம் உள்ள நிறுவனத்தில் சேரும் ஒவ்வொரு விமானிக்கும் ஓர் இலக்கம் வழங்கப்படும். சேர்ந்த திகதியே அதைத் தீர்மானிக்கும். ஒரே நாளில் பலர் சேர்ந்தால் வயதில் மூத்தவரை முன்னே வைப்பது, சீட்டுக் குலுக்குவது என ஏதாவதொரு விதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். மேலே உள்ள ஒருவர் ஓய்வு பெற்றாலோ விலகினாலோ கீழே உள்ள அனைவரும் ஒரு படி ஏறுவார்கள். வேறிடத்தில் எத்தனை ஆயிரம் மணித்தியாலம் பறந்திருந்தாலும் அது கணக்கில் வராது.

ஓய்வு வயதும் இதில் முக்கியம். அமெரிக்காவில் பயணிகள் விமான சேவைகளின் விமானிகளுக்கான ஓய்வு வயது 2007 டிசம்பரில் 60 இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டது. மூத்தவர்களுக்கு அது ஐந்து வருட வரம். கீழே இருந்தவர்களுக்கோ பட்டியல் நகராத ஐந்து வருடங்கள்.

எதையெல்லாம் தீர்மானிக்கிறது?

எந்த வகை விமானம், எப்போது கப்டன் பதவி, எந்த வேலை அட்டவணை, எந்த வாரம் விடுமுறை என்பவற்றில் முதலாம் இலக்கக்காரர் முதலில் தெரிவு செய்வார். மிஞ்சியவற்றில் அடுத்தவர் தெரிவு செய்வார். ஆனால் இலக்கம் தருவது முறையை மட்டுமே. கப்டன் பதவிக்கான முறை வந்தாலும் பயிற்சியிலும் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும்.

தனியார் ஜெற் சேவையில் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய விமான சேவைகளில் விமானிகள் மாதாந்தப் பயணங்களையே சேவைமூப்பின்படி தெரிவு செய்வர். எங்களுக்கு எங்கே போவதென்பதைப் பயணிதான் தீர்மானிக்கிறார், சில வேளைகளில் சில மணித்தியாலங்களுக்கு முன்னர்தான். ஆகவே குறித்த பயணத்தை நாங்கள் கேட்டு வாங்க முடியாது. எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் வீடு என்ற அட்டவணையைத்தான் கேட்கலாம்.

ஆட்குறைப்பு வந்தால் பட்டியல் தலைகீழாக வாசிக்கப்படும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார். திரும்ப அழைக்கும்போது மூத்தவர் முதலில் வருவார். உலகப் பொருளாதார நெருக்கடியை அடுத்து நெட்ஜெட்ஸ் நிறுவனம் 2010 தொடக்கத்தில் 495 விமானிகளை இடைநிறுத்தியபோது, பட்டியலின் அடியில் இருந்தவர்களே வெளியே போனார்கள்.

ஏன் இப்படியொரு முறை?

அமெரிக்காவின் 1926 ஆம் ஆண்டு ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936 இல் விமான சேவைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் செய்யப்படும் கூட்டு உடன்படிக்கையில்தான் இந்தப் பட்டியல் இடம்பெறுகிறது. தொழிற்சங்கம் இல்லாத பெரும்பாலான சிறு வாடகை விமான நிறுவனங்களில் யார் கப்டன், யாருக்கு நத்தார் விடுமுறை என்பதை முகாமைத்துவமே முடிவு செய்யும்.

இதன் பெறுமதியை நான் ஒரு மாரி இரவில் கண்டேன். பனி கொட்டியது. பயணி மிகப் பெரிய செல்வந்தர், அவசரத்தில் இருந்தார். எனது கப்டன் ஒரே வார்த்தையில் “முடியாது” என்றார். பயணி கோபித்துக்கொண்டு போனார். மறுநாளும் கப்டனின் இலக்கம் அதேதான். அவருடைய பதவியும் விடுமுறையும் யாருடைய தயவிலும் தங்கியிருக்கவில்லை. “முடியாது” என்று சொல்லும் விமானியைக் காப்பதுதான் அந்த இலக்கத்தின் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன்.

அதன் விலை

அதே இலக்கம் ஆளைக் கட்டியும் போடுகிறது. அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. நான் முன்பு வேலை செய்த இடத்தில் கப்டனாக இருந்தேன். அந்த நிறுவனம் மூடப்பட்டபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. புதிய இடத்தில் பட்டியலின் கடைசியில் சேர்ந்தேன். என்னிலும் பன்னிரண்டு வயது இளைய கப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சம்பளமும் முதலாம் வருடச் சம்பளம். சேவைக்காலம் முழுவதையும் ஊரில் விட்டுவிட்டு வந்து அடியிலிருந்து தொடங்கிய எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நிறுவனங்கள் இணையும்போதுதான் பெரிய சண்டைகள் வரும். 2001 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ், ரி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை வாங்கியபோது அதன் விமானிகளில் பெரும் பகுதியினர் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 11 தாக்குதலின் பின் ஆட்குறைப்பு வந்தது. பல வருடம் பறந்தவர்கள் வேலை இழந்தனர். ரி.டபிள்யூ.ஏ.யின் தளம் இருந்த மிசூரி மாநிலத்தின் இரு செனட்டர்கள், மக்காஸ்கிலும் பொண்டும், கொண்டுவந்த சட்டம் 2007 இல் நிறைவேறியது. இணைப்பின்போது பட்டியல்களை நியாயமாகச் சேர்க்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்கிறது அது.

நடுவர் தீர்ப்பும் எப்போதும் பிணக்கைத் தீர்ப்பதில்லை. 2005 இல் யூ.எஸ். எயர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தன. 2007 இல் வந்த தீர்ப்பை ஏற்காத தரப்பினர் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் அடுத்த ஆண்டே தொழிற்சங்கத்தை மாற்றினார்கள். ஒரே பெயருள்ள நிறுவனத்தில் இரு பட்டியல்கள் பல வருடம் நீடித்தன.

கையெழுத்திட முன் கேட்க வேண்டியவை

கூட்டு உடன்படிக்கை இருக்கிறதா? அடுத்த பத்து வருடத்தில் எனக்கு மேலே எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள்? ஆட்குறைப்பில் போனால் எத்தனை வருடம்வரை திரும்ப அழைக்கும் உரிமை உண்டு? நிறுவனம் விற்கப்பட்டால் பட்டியலுக்கு என்ன நடக்கும்? விமானத்தின் அழகையும் முதல் மாதச் சம்பளத்தையும் பார்க்க முன் இந்த நான்கையும் கேளுங்கள். இளமையில் சேர்ந்து ஒரே இடத்தில் நிலைப்பவருக்கே இந்த முறை அதிகம் தருகிறது.

சின்னம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு முன்னால இன்னும் அறுபது பேர் வரிசையில நிக்கினம்.”

“அப்ப பொறு,” என்றார்.