பாட்ரிஸ் லுமும்பா: பத்து வாரங்கள்கூட ஆளாத காங்கோவின் முதல் பிரதமர்

ஆப்பிரிக்க விடுதலை இயக்கத்தின் முக்கியத் தலைவர்களுள் ஒருவரான பாட்ரிஸ் லுமும்பா, சுதந்திர காங்கோவின் முதல் பிரதமராகப் பதவி வகித்தது பத்து வாரங்களுக்கும் குறைவான காலமே. 35 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்குச் சொந்த மண்ணில் கல்லறை அமைய 61 ஆண்டுகள் ஆயின.

அஞ்சலகத்திலிருந்து அரசியலுக்கு

பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவின் கசாய் பகுதியில், ஒனலுவா என்ற சிற்றூரில் 1925 ஜூலை 2-ஆம் தேதி லுமும்பா பிறந்தார். மிஷன் பள்ளிகளில் பயின்ற அவர், ஸ்டான்லிவில் (இன்றைய கிசங்கனி) நகரில் அஞ்சலக எழுத்தராகப் பணியாற்றினார். 1956-ல் பணக் கையாடல் வழக்கில் கைதாகிச் சிறைத் தண்டனையும் அனுபவித்தார்.

1958 அக்டோபரில் காங்கோ தேசிய இயக்கம் அவரது தலைமையில் உருவானது. பெரும்பாலான கட்சிகள் இனக்குழு அடிப்படையில் செயல்பட்ட நிலையில், பிளவுபடாத ஒரே நாடு என்பதே அவ்வியக்கத்தின் முழக்கமாக இருந்தது. 1959-ல் கலவர வழக்கில் மீண்டும் சிறைப்பட்ட லுமும்பா, சுதந்திரம் குறித்த பிரஸ்ஸல்ஸ் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்பதற்காக 1960 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார். அடுத்து நடந்த தேர்தலில் அவரது கட்சியே அதிக இடங்களைப் பெற்றது.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத உரை

1960 ஜூன் 30-ஆம் தேதி நடைபெற்ற சுதந்திர விழாவில் பெல்ஜிய மன்னர் போதுவான், காலனி ஆட்சியின் சாதனைகளைப் புகழ்ந்து பேசினார். நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாத லுமும்பா எழுந்து, கட்டாய உழைப்பையும் அவமதிப்புகளையும் நில அபகரிப்பையும் மன்னர் முன்னிலையிலேயே பட்டியலிட்டார்.

ஒரு வாரத்திற்குள் ராணுவத்தில் கலகம் மூண்டது. ஆப்பிரிக்கர் ஒருவரைக்கூட அதிகாரியாக உயர்த்தாமல் பெல்ஜியம் நடத்திவந்த படை அது. ஜூலை 11-ஆம் தேதி, தாமிரமும் யுரேனியமும் நிறைந்த கட்டாங்கா மாகாணம் பெல்ஜியத்தின் ஆதரவுடன் பிரிந்து சென்றது. ஹிரோஷிமா அணுகுண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதி இம்மாகாணத்தில் வெட்டி எடுக்கப்பட்டதே.

பிரிவினையை ஒடுக்க ஐ.நா. படை மறுத்ததால், லுமும்பா சோவியத் ஒன்றியத்தின் உதவியை நாடினார். இது பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பகையைத் தேடித் தந்தது. அவரை விஷம் வைத்துக் கொல்ல சி.ஐ.ஏ. திட்டமிட்டதை 1975-ல் அமெரிக்க செனட் குழு வெளிப்படுத்தியது. ஆனால், அத்திட்டம் நிறைவேறவில்லை.

வீழ்ச்சியும் படுகொலையும்

செப்டம்பர் 5-ஆம் தேதி அதிபர் கசவுபு அவரைப் பதவி நீக்கம் செய்தார். லுமும்பாவால் ராணுவப் பொறுப்பில் நியமிக்கப்பட்ட மொபுட்டு, செப்டம்பர் 14-ஆம் தேதி அதிகாரத்தைக் கைப்பற்றினார். அதே மாதம் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றவர் இந்தியத் தூதர் ராஜேஷ்வர் தயாள். தலைநகரில் ஐ.நா. வீரர்களின் காவலில் இருந்த லுமும்பா, நவம்பர் 27-ஆம் தேதி ஸ்டான்லிவில்லை நோக்கித் தப்பிச் சென்றபோது வழியில் பிடிபட்டார்.

1961 ஜனவரி 17-ஆம் தேதி கட்டாங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், மோரிஸ் ம்போலோ, ஜோசப் ஒகிட்டோ ஆகியோருடன் அன்றிரவே பெல்ஜிய அதிகாரிகள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல்கள் பின்னர் தோண்டியெடுக்கப்பட்டு அமிலத்தில் கரைக்கப்பட்டன. அப்பணியில் ஈடுபட்ட பெல்ஜியக் காவல் அதிகாரி எடுத்துச் சென்ற தங்கப் பல் ஒன்றே எஞ்சியது.

தாமதமான பொறுப்பேற்பு

இக்கொலையில் தங்கள் நாட்டிற்குத் தார்மிகப் பொறுப்பு உண்டு என பெல்ஜிய நாடாளுமன்ற விசாரணைக் குழு 2001-ல் அறிவித்தது. மறு ஆண்டில் அரசு மன்னிப்புக் கோரியது. அந்தப் பல் 2022 ஜூன் 20-ஆம் தேதி குடும்பத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டு, சுதந்திர தினமான ஜூன் 30-ஆம் தேதி கின்ஷாசாவில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது.